உம் சொல்ல ஒரு ஆள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் ஒரு பலகை கொடுத்திருப்பார்கள். 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கும். எனக்கும் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை எந்த நூலகத்துக்குப் போனாலும் முதல் வேலையாக அதை ஆணியடித்து மாட்டினேன். அதற்குக் கீழேயே ஆட்களை உட்காரவைத்துச் சத்தம் போட்டுப் படிக்கவும் வைத்தேன்.

போன மாதம் உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மேடம், கூட்டு வாசிப்பு நடத்தச் சொல்றாங்க. புரொஜெக்டர் வாங்கணுமா?" அடி பெண்ணே, புரொஜெக்டர் எதற்கு? படிக்க ஒருத்தர் வேண்டும், உம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். படிக்கிறவர் எப்படியும் கிடைத்துவிடுவார். அந்த இன்னொரு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இதைப் பகலில் படியுங்கள் என்று சொல்லலாம்தான். ஆனால் நடந்ததெல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே நடந்து போகவேண்டிய ஒரு கிராமத்தில் எனக்கு முதல் வேலை. ஊர்ப்பெயர் வேண்டாம். ஓடாமல் நின்றுபோன ரைஸ் மில்லின் முன்பக்க அறையை நூலகத்துக்கு விட்டிருந்தார் மில்காரர். பின்னால் இயந்திரங்கள் இருந்த பெரிய கூடம் காலியாகக் கிடந்தது. சுவரின் மேல்பக்கம் பெல்ட் ஓடிய சக்கரங்கள் மட்டும் துருப்பிடித்து நின்றன. தவிட்டு வாசனை அந்த இடத்தைவிட்டுப் போகவே இல்லை, புத்தகத்தைத் திறந்தால் புத்தகமும் தவிடு மணக்கும்.

காலையில் திறந்து, மதியம் பூட்டி, சாயங்காலம் மறுபடி திறக்க வேண்டும். நடுவில் காஞ்சிபுரத்தில் இருந்த என் வீட்டுக்குப் போய்வர பஸ் கிடையாது. மதியம் முழுக்க அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தனியாகப் படித்துக்கொண்டிருப்பேன். காலையில் நடவு முடித்த பெண்கள் வெயிலுக்கு அங்கே ஒதுங்குவார்கள். அவர்களில் பவுனம்மா என்று ஒருத்தி. நாற்பதை ஒட்டிய வயது, பிள்ளை இல்லை, கூலி வேலை, வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் நான் எதையோ படித்துச் சிரித்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, நீயா சிரிச்சிக்கினு கீற? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்பமில்ல?"

அப்படித் தொடங்கியதுதான். சில நாள் நான் படித்தேன். பிறகு ரோஸ் படித்தாள். ரோஸ் பத்தாவது தேறாத பெண், களை எடுக்கப் போகிறவள். மாதா கோயிலில் வேதம் வாசித்துப் பழகிய தொண்டை அவளுக்கு. அவள் வாய் திறந்தால் கூடத்தின் கடைசிச் சுவர்வரை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் போய்ச் சேரும்.

ஒரே தொல்லை, தூக்கம். சேற்றில் நின்றுவிட்டு வந்த உடம்பு. கதாநாயகி கிணற்றில் குதிக்கும்போது கேட்பவர்களில் பாதிப்பேர் சாய்ந்திருப்பார்கள். மறுநாள் வந்து "அவ இன்னா ஆனா?" என்று கேட்டால் ரோஸுக்குக் கோபம் வரும். அதற்குப் பவுனம்மாவின் வீட்டுக்காரர் கன்னியப்பன் ஒரு வழி சொன்னார். ஏரித் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குத் திறந்துவிடுவது அவர் வேலை. மதியத்தில் அவரும் வந்து மூன்றாவது தூணடியில் கோணியை மடித்துப் போட்டு உட்காருவார்.

"நான் உம் கொட்றன். என் உம் வராம நீ அடுத்த பத்திக்குப் போவாத. பக்கத்தத் திருப்பாத. எனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரிஞ்சாமாதிரி" என்றார் ரோஸிடம்.

எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர். ஆனால் அவர் உம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே சிலர் வந்தார்கள். கோர்ட்டு, வழக்கு என்று வந்தால் இரண்டு முறை அழுத்தி உம் சொல்வார். சாவு வந்தால் மூச்சோடு சின்னதாக ஒன்று. காதல் வந்தால் உம்மே வராது, தொண்டையைச் செருமுவார், பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். புரியாவிட்டால் பேசாமல் இருப்பார். ரோஸ் திரும்பப் படிப்பாள். அப்புறம் சண்டை தொடங்கும். "அண்ணங்காரன் பொண்டாட்டி பண்ணது ஞாயமா?" என்று ஒருத்தி கேட்பாள். ஆளுக்கு ஒரு நியாயம் சொல்லும்போது, நான் தனியாகப் படித்தபோது கண்ணில் படாத சங்கதியெல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்து வெளியே வரும். படித்தவள் என்ற என் தலைக்கனம் அங்கேதான் இறங்கியது. ஒரு புத்தகத்தை நாலு பேர் சேர்ந்து படித்தால் அது நாலு புத்தகம். இதை எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்போது படித்துக்கொண்டிருந்தது ஒரு தடித்த நாவல். அட்டையும் முதல் சில தாள்களும் எப்போதோ போய்விட்டதால் என்ன பெயர், யார் எழுதியது என்று எனக்கே தெரியாது. நிலத்தகராறில் அண்ணனிடம் கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போன தம்பி திரும்பி வருவானா என்பதுதான் கதை. வரமாட்டான் என்று பாதிப்பேர் சொன்னார்கள். கன்னியப்பன் ஒரே பிடியாக நின்றார்.

"வருவான். வராம எங்க போவான்? அவன் நெலம் இங்கதான கீது?"

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பியது. ஒரு மதியம் ரோஸ் படித்துக்கொண்டிருக்கும்போதே மழைச் சத்தம் கூடியது. கன்னியப்பன் எழுந்தார். மதகை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, உட்கார்ந்திருந்த கோணியை உதறித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பி, "நான் வர்ற வரிக்கும் பக்கத்தத் திருப்பாத" என்றார். ரோஸ் விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை.

ஏரியில் ஆள் இறங்கித் தேடினார்கள். மதகில், உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில், கால்வாய் ஓரமெல்லாம் தேடினார்கள். கோணிகூடக் கிடைக்கவில்லை. செத்தார் என்று சொல்ல உடம்பு இல்லை. அதற்குள் யாரோ செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததாக ஒரு பேச்சு கிளம்பியது. பவுனம்மா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொட்டு வைத்தாள், பூ வைத்தாள். "இன்னாவோ பேஜாருல போயிருக்காரு. கோவம் தணிஞ்சா வருவாரு" என்றாள். என்ன கோபம், யார்மேல் கோபம் என்று யாரும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து அவளே வந்து மறுபடி படிக்கச் சொன்னாள். "நீங்க படிங்க, நான் கேட்டு வெச்சிக்கினு அவருக்குச் சொல்றன். கடைசி பாகத்த மட்டும் அவரு வந்து கேக்கட்டும்."

அன்று நாங்கள் ஒரு தப்பு செய்தோம். "யாரு உம் கொட்றது?" என்று ரோஸ் கேட்டாள். தூணடியில் போய் உட்காரப்போன ஒருத்தியைப் பவுனம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "அது அவுரு எடம்." மரியாதை என்று நினைத்து அந்த இடத்தைக் காலியாக விட்டோம். உம் சொல்லும் வேலையையும் காலியாக விட்டோம்.

ரோஸ் ஒரு பத்தி படித்தாள். பழக்கத்தில் நிறுத்தினாள்.

"உம்."

அவள் அடுத்த பத்திக்குப் போனாள். முடித்து நிறுத்தினாள். மறுபடி உம். பக்கத்தைத் திருப்பிப் பாதிப் பக்கம்வரை படித்துவிட்ட பிறகுதான் அவள் குரல் தடுமாறியது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். அதுவரை எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தச் சத்தம் வந்தவரைக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருந்தது.

"யாரு சொன்னது?" என்றாள் ரோஸ்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பவுனம்மா மட்டும் நிதானமாக, "இன்னா சொன்னது? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. நீ படி" என்றாள்.

நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், பேய்க்குப் பயப்படுவது எனக்கு அழகா? மறுநாள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். புறா இல்லை. சக்கரத்தை ஆட்டினேன், கிறீச்சென்றதே தவிர உம் என்று சொல்லவில்லை. பெரிய கூடம், எதிரொலியாக இருக்கும் என்று நினைத்து நானே உம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. தனியாக உட்கார்ந்து அதே நாவலைச் சத்தமாகப் படித்துப் பத்திக்குப் பத்தி நிறுத்தினேன். ஒன்றுமில்லை. சரி, எல்லாம் மனப்பிரமை என்று நிம்மதியாக இருந்தேன். மதியம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ரோஸ் ஒரு பத்தி படித்தாள். உம் வந்தது.

தனியாகப் படித்தால் வராது. கூடிப் படித்தால் வரும். கோர்ட்டு வந்தால் இரண்டு முறை வரும். ஒருநாள் கதையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்து, மாப்பிள்ளைப் பையன் அவளைத் தனியாகப் பார்க்க வந்தான். தூணடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்கள் பழக்கத்தில் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவர்களில் சிலர் திரும்ப வரவே இல்லை.

தூணடியில் தரை ஈரமாக இருப்பதை ரோஸ்தான் முதலில் காட்டினாள். மழை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. ஓட்டில் ஒழுக்கில்லை. ஓர் ஆள் உட்காருகிற அகலத்துக்கு மட்டும் சிமெண்டு கறுத்து நின்றது. சிமெண்டுத் தரை வியர்க்கும் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று தினமும் சொன்னவள் பவுனம்மா ஒருத்திதான். முதலில் அவளுக்குக் காது மந்தமோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த உம் அவள் காதில் விழுந்துவிட்டது என்றால் அவர் செங்கல்பட்டில் இல்லை என்று ஆகிவிடும். அவளால் எப்படிக் கேட்க முடியும்?

விஷயம் மில்காரர் காதுக்குப் போனது. ஒரு காலையில் வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"லைப்ரரிம்மா, ஊரே பேசிக்குது. மறுபடி மில்லு ஓட்டலாம்னு ஒரு பார்ட்டி வந்துகினு கீது. பேய் பூந்த எடம்னு பேரு வந்தா எவன் வருவான்? பூசாரிகிட்ட சொல்லிட்டன். வர்ற வெள்ளிக்கிழம உச்சி வேளைக்கு வந்து கட்டுறாராம்."

"கட்டட்டும். எனக்கென்ன?"

"அப்பிடி இல்லம்மா. பேரு சொல்லி அழைக்கணும். அவன் பொஞ்சாதி அந்தத் தூணாண்ட வந்து தாலியக் கயட்டி வெச்சாத்தான் போவும்னு சொல்றாரு. நீதான் அவள இட்டுனு வரணும். உன் பேச்சதான் கேப்பா."

உடம்பும் கிடைக்காமல், ஊர் கூடி நிற்க, பூசாரி உடுக்கை அடிக்க, அவள் கையாலேயே அதைக் கழற்ற வேண்டும். அவள் உயிரோடு வீடு திரும்பமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. முடியாது என்று சொன்னால் பூசாரி நேராக அவள் வாசலுக்கே போவார். என்ன செய்வீர்கள் நீங்கள்? மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுவீர்களா? என்னவென்று எழுதுவீர்கள்?

"அவரு ஏன் இங்க சுத்தறாருன்னு பூசாரி சொன்னாரா?" என்று கேட்டேன்.

"கத முடியாம போனவனாம். முடிவு தெரியாம மனசு நிக்குதாம்."

"அப்போ கதைய முடிச்சிட்டா?"

மில்காரர் யோசித்தார். "முடி. வியாழக்கிழமைக்குள்ள முடி. அதுக்கப்பறமும் சத்தம் வந்தா நான் கேக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிப் பாகத்தை நான் மட்டும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். தம்பி திரும்பி வரவில்லை. துறைமுகத்திலிருந்து அவனுடைய டிரங்குப் பெட்டி மட்டும் வருகிறது. அண்ணன் வாசலில் நின்று அதை வாங்கிக்கொள்கிறான்.

பவுனம்மா களத்து மேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். பூசாரி விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"கடைசி பாகம் அவரு வந்து கேக்கணும்னு சொன்னனே லைப்ரரிம்மா."

"வந்தா மறுபடி படிப்போம் பவுனம்மா. படிச்சிட்டா புஸ்தகம் காலியாயிடுமா? எத்தனை வாட்டி வேணும்னாலும் படிக்கலாம். அவருக்குன்னு தனியா நானே உட்கார்ந்து படிக்கிறேன்."

"நெசமா?"

"நெசமா."

முறம் நின்றது. "தம்பிக்காரன் வரானா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "வந்து கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் வந்தார்கள். ஓடிப்போனவர்களும் வந்தார்கள். மில்காரர் வாசல்படியில் நின்றார். ரோஸ் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். நானே படித்தேன். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது, ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. ஒவ்வொரு பத்தி முடிவிலும் தூணடியிலிருந்து உம் வந்தது. அன்று அதில் அவசரம் இருந்தது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று தள்ளுகிற உம். மில்காரர் படியைவிட்டு இறங்கி வெயிலில் நின்றுகொண்டார்.

கடைசிக்கு முந்தின பக்கம். அண்ணன் வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்கிறது. வண்டியிலிருந்து தம்பியை இறக்கிவிட என்னால் முடியும். அட்டையில்லாத புத்தகம், அங்கே யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? 'தம்பி இறங்கி வந்தான்' என்று மூன்றே சொல் சொன்னால் போதும். பவுனம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் படிக்கத் தெரியாதவர்கள் நம் முன்னால் உட்கார்ந்திருப்பது நம்மை நம்பித்தான். அந்த மூன்று சொல்லைச் சொல்லியிருந்தால் அவள் வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் சாகும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்.

அச்சில் உள்ளதை உள்ளபடி படித்தேன். பெட்டி இறங்கியது. பத்தி முடிந்தது. நிறுத்தினேன்.

உம் வரவில்லை.

புரியவில்லை என்றால் அவர் பேசாமல் இருப்பார் என்று சொன்னேனல்லவா? மறுபடி படித்தேன். வண்டி, பெட்டி, அண்ணன். மறுபடியும் ஒன்றுமில்லை. பின்கட்டில் எங்கோ தண்ணீர் சொட்டுகிறமாதிரி ஒரு சத்தம் இருந்தது, அதுவும் நின்றது. பக்கத்தைத் திருப்ப என் விரல் வரவில்லை. உம் வராமல் திருப்பக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எல்லோரும் தூணடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உம்."

பவுனம்மா சொன்னாள். சாவு வந்தால் அவர் சொல்வாரே, மூச்சோடு சின்னதாக ஒன்று, அதே மாதிரி சொன்னாள்.

"திருப்பும்மா" என்றாள். அழவில்லை. "இத்தினி நாளும் எனக்குங் கேட்டுக்கினுதான் இருந்திச்சி."

மீதிப் பக்கத்தை எப்படிப் படித்து முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. முடித்து நிமிர்ந்தபோது ரோஸ் அவள் மடியில் தலைவைத்து ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். மில்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, பூசாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். பவுனம்மா தன் வீட்டில், தனக்குத் தெரிந்த முறைப்படி, தன் ஆட்களோடு செய்ய வேண்டியதைச் செய்துகொண்டாள். எந்தத் தூணடியிலும் யாரும் அவளைக் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

பேய் இருக்கிறதா மேடம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடிப் படிக்கிற இடத்தில் கேட்கிறவர்தான் பாதிப் புத்தகம். ஒருத்தர் போய்விட்டால் அவர் இடத்தில் அழுதுகொண்டாவது இன்னொருத்தரை உட்காரவையுங்கள். மரியாதை என்று காலியாக விடாதீர்கள். முடிவு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் மாற்றிப் படிக்காதீர்கள். தனியாக இருக்கும்போது தாங்க முடியாததைச் சுற்றிலும் ஆள் இருக்கும்போது மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கொஞ்சநாள் கழித்து வேறொரு புத்தகம் எடுத்தோம். ரோஸ் விரித்து வைத்துக்கொண்டு, "யாரு உம் கொட்றது?" என்று கேட்டாள். பவுனம்மா எழுந்து மூன்றாவது தூணடிக்குப் போனாள். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா கீது" என்று சொல்லி, முந்தானையால் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தாள்.

ரோஸ் முதல் பத்தியைப் படித்து நிறுத்தினாள். உம் வந்தது. இரண்டு குரலாகக் கேட்டது என்று ரோஸ் பிற்பாடு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

எனக்கு ஒன்றுதான் கேட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.